சுருங்காத கம்பளி

மல்லேஸ்வரத்தில் அந்த வீட்டில் கம்பளியைத் துவைக்கும் வழக்கம் கிடையாது. அந்த வீட்டு மருமகளுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்ததோ கம்பளியைத் துவைக்கத் தகுந்ததாக மாற்றுவதற்கு. இரண்டும் ஒரே கூரையின் கீழ்ப் பல வருஷம் சண்டையில்லாமல் குடியிருந்தன. ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாததுதான் அதற்குக் காரணம்.

மருமகளின் பெயர் ரமா. மைசூரில் பிறந்து, பெங்களூரில் வேதியியல் எம்.எஸ்ஸி. முடித்து, 1991இல் பீண்யா தொழிற்பேட்டையில் இருந்த ஒரு சிறிய கம்பளி ஆய்வுக்கூடத்தில் உதவி விஞ்ஞானியாகச் சேர்ந்தாள். நல்ல செய்தியைக்கூடக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற முகத்தோடு சொல்கிறவள். வேலை கிடைத்த உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கூடத்தில் நின்றபோது, யாரோ தவறிவிட்டார்கள் என்றுதான் கணவன் ஸ்ரீகண்டன் நினைத்தாராம். ஸ்ரீகண்டனுக்குப் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவு. வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும் அவர் செய்தித்தாளின் கட்சி.

தகராறுகளின் மறுபக்கம் மாமனார் வெங்கடகிருஷ்ணன். விதான சௌதாவில் துணைச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை விதிமுறைப் புத்தகத்தைச் சாஸ்திரம் போலப் படித்தார். ஓய்வுக்குப் பின் சாஸ்திரத்தை விதிமுறைப் புத்தகம் போலப் படித்தார். பருத்தி வேட்டியைத் துவைத்து, பிறர் கை படாமல் உலர்த்திக் கட்டினால்தான் மடி. யாராவது தொட்டுவிட்டால் மடி போயிற்று. கம்பளிக்கும் பட்டுக்கும் மட்டும் இதிலிருந்து விலக்கு. யார் தொட்டாலும் தீட்டில்லை, துவைக்கவும் வேண்டாம். "எக்ஸெம்ப்ஷன் க்ளாஸ்" என்று அவரே அதற்குப் பெயர் வைத்திருந்தார். துவைத்தது எதுவும் உலராத பெங்களூர் மழைக்காலத்தில் அந்த விலக்கு எவ்வளவு பெரிய கருணை என்பதை விளக்கத் தேவையில்லை.

ரமாவுக்கு எந்த விலக்கும் கிடைக்கவில்லை. அவள் தினமும் மாலையில் நெயில் பாலிஷ் போன்ற ஒரு வாசனையோடு வீடு திரும்புவாள். நேராகக் குளிக்கப் போய்விடுவாள். குளித்து வந்த பிறகும் வாசனை கொஞ்சம் மிச்சமிருக்கும். வெங்கடகிருஷ்ணனின் தகப்பனாருக்கு ஆடி மாதத்தில் சிராத்தம் வரும். அன்றைக்குச் சமைக்க வெளியிலிருந்து ஒரு மாமியை அழைத்துவிடுவார்கள். வீட்டு மருமகள் அடுப்புப் பக்கம் போக வேண்டியதில்லை. "அவளுக்கு ஆபீஸ் இருக்கு, பாவம்" என்று உறவினர்களிடம் வெங்கடகிருஷ்ணன் சொல்லுவார். "கையெல்லாம் மருந்து" என்று திதி செய்துவைக்கும் வாத்தியாரிடம் சொல்லுவார். இரண்டையும் ரமா கேட்டிருக்கிறாள். தனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை என்று அவள் சொல்லிக்கொண்டாள். ஒவ்வொரு ஆடியிலும் அதைப் புதிதாகச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த மருந்து என்னவென்றும் சொல்லிவிட வேண்டும். சித்ரதுர்கா பக்கத்து ஆடுகளின் மயிர் முரடு. மேய்ச்சல்காரர்கள் போர்த்தும் கறுப்புக் கம்பளிக்குச் சரி, வேறு எதற்கும் ஆகாது. இறக்குமதிக்குக் கதவுகள் திறந்த அந்த வருஷங்களில் வெளிநாட்டு மெல்லிய கம்பளியும், கம்பளியே இல்லாத அக்ரிலிக் ஸ்வெட்டர்களும் கமர்ஷியல் தெருவில் வந்து குவிந்தன. அக்ரிலிக்கிடமிருந்து கம்பளியைக் காப்பாற்ற ஆய்வுக்கூடம் கண்டுபிடித்த வழி, கம்பளியிலேயே அக்ரிலிக்கை ஏற்றிவிடுவது.

கம்பளி இழையின் மேல் மீன்செதில் போலச் செதில்கள் உண்டு. துவைக்கும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. துணி சுருங்கிப் பலகையாகிறது. இழைக்குள்ளேயே நீளமான செயற்கைச் சங்கிலிகளை வளர்த்துவிட்டால் செதிலுக்குக் கவ்வ இடமிருக்காது. நூல் கண்டுகளை ஒரு உப்புக் கரைசலில் சூடாக்கி, மீத்தைல் மெத்தாக்ரிலேட் என்ற திரவத்தை ஊற்றினால், அதன் மூலக்கூறுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கம்பளியின் புரதத்தில் பிடித்துக்கொண்டு வளரும். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவது போல என்று ரமா விளக்குவாள். பிடிக்காமல் சும்மா தங்கியிருக்கிற பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கழுவி எடுத்துவிடுவாள். கழுவியும் போகாததுதான் ஒட்டு. கடைசியில் கம்பளியின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கம்பளி அல்ல.

கண்டுகளை முக்கி எடுக்க அவளுக்குத் துணை பிரிஜெட். கன்டோன்மென்ட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் லேப் உதவியாளர். கூடத்தில் இருந்த ஒரே சத்தம் அவளுடையதுதான்.

"மேடம், பல் செட்டு பண்றாங்களே, அதுவும் இதே சாமான்தானே? எங்க மாமியார் மாட்டிக்கினு இருக்காங்க."

"அதேதான் பிரிஜெட்."

"அப்ப ஆட்டுக்குப் பல்லு கட்றோம்னு சொல்லுங்க. நானு வீட்ல ஏதோ சயின்ஸ் வேலைன்னு சொல்லிக்கினு இருக்கேன்."

இந்தப் பண்டத்துக்கு என்ன பெயர் என்பதில் ரமாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் கோவிந்தனிடம் கேட்டாள். அவர் சந்தேகங்களோடு நீண்ட நாள் குடித்தனம் நடத்தியவர்.

"கெமிஸ்ட்ரி பத்திரிகைக்கு எழுதறப்ப கோபாலிமர்னு எழுதுங்க. ஆடு வளர்க்கறவங்களுக்கு நோட்டீஸ் போடறப்ப கம்பளின்னு போடுங்க. ரெண்டும் பொய் இல்லம்மா."

"ரெண்டையும் ஒரே ஆள் படிச்சா, சார்?"

"படிக்க மாட்டாங்க. அதுதான் நம்ம டிபார்ட்மெண்ட்டோட பலம்."

1996 மார்கழியில் ஒரு மாலை, ரமா குளித்துவிட்டு வந்தபோது வெங்கடகிருஷ்ணன் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஐப்பசியில் அவருக்கு ஒரு ஆபரேஷன் நடந்திருந்தது. உறவினர்களிடம் ஹெர்னியா என்று சொல்லியிருந்தார்கள். உண்மையில் பிராஸ்டேட். எதுவானாலும், நன்றாகத் தேறிவிட்டார் என்பது பொதுக் கருத்து.

"ஏம்மா ரமா, உங்க ஆபீஸ்ல கம்பளிச் சால்வை மாதிரி ஏதாவது கெடைக்குமோ? என்னோட பழசு பூச்சி அரிச்சுடுத்து."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அவளிடம் எதுவும் கேட்டதில்லை, அவர் எதிரில் அவள் உட்கார்ந்ததும் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பொதுவாகக் காற்றைப் பார்த்துச் சொல்வார், யாராவது கொண்டு வருவார்கள். ரமாவுக்கு ஒரு கணம் யாரைக் கேட்கிறார் என்றே புரியவில்லை.

"லேப்ல சாம்பிளுக்கு ஒண்ணு நெய்திருக்கோம்ப்பா. கொஞ்சம் சொரசொரன்னு இருக்கும்."

"இருந்தா என்ன? சுத்தக் கம்பளிதானே?"

இங்கே அவள் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். கல்லூரியில் கற்றுக்கொடுத்ததும், ஆய்வுக்கூடத்தில் தினமும் எடை போட்டதும் அந்த ஒரு வாக்கியம்தான். ஆனால் கேட்டவர் முகத்தில், அவளிடமிருந்து எதையோ வாங்கிக்கொள்ளப் போகிற ஒரு மனிதரின் சங்கடமான இணக்கம் இருந்தது. அதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கம்பளிதான்ப்பா," என்றாள்.

மறுநாள் கோவிந்தன் சால்வையைத் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார். "கொண்டு போங்க. யாராவது கட்டிப் பழகினா நல்லதுதான். எப்படி உழைக்குதுன்னு சொல்லுங்க." ரமா அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் தனக்குள் வாதாடினாள். ஒட்டு மாமரத்தில் காய்ப்பதும் மாங்காய்தான், அதை யாரும் வேறு பெயரிட்டு அழைப்பதில்லை. யஷ்வந்த்பூர் தாண்டும்போது வாதம் உடைந்தது. மாமரத்தில் மாமரத்தைத்தான் ஒட்டுகிறார்கள். பெட்ரோல் பங்கை ஒட்டுவதில்லை.

வெங்கடகிருஷ்ணன் சால்வையை விரலால் நெருடிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், தோளில் போட்டுப் பார்த்தார். "பேஷ்," என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் ரமா இத்தனை வருஷம் காத்திருந்தாள். வந்தபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மருமகளுக்கு எவ்வளவு அடக்கம் என்று அவர் நினைத்திருக்கக் கூடும்.

அவமானம் என்பது திட்டு வாங்கும்போது வரும் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ரமாவுக்கு அது புகழாக வந்தது. எட்டாவது குறுக்குத் தெருவில் காய்கறி வாங்கும்போது, கோயிலில், பூங்கா பெஞ்சில், வெங்கடகிருஷ்ணன் சால்வையின் முனையை எடுத்துக் காட்டினார். "என் மாட்டுப்பொண்ணு பண்ணினது. அவா லேப்ல. சுத்தக் கம்பளி." பக்கத்து வீட்டு சுப்புலக்ஷ்மி சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டாள்:

"ஏண்டி ரமா, உங்க மாமனாருக்கு மட்டும்தானா? எங்காத்து மனுஷருக்கும் ஒண்ணு கொண்டு வாயேன். அந்தக் கடைக் கம்பளியெல்லாம் கலப்படமாமே."

"பாக்கறேன் மாமி," என்று ரமா உள்ளே போய்விட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தாள். பொங்கலன்று சொல்ல முடியாது, நல்ல நாள். யுகாதியும் நல்ல நாள். நடுவில் வந்த சாதாரண நாட்களில், இத்தனை நாள் கழித்து இன்றைக்கு என்ன அவசரம் என்று தோன்றியது. இதற்கிடையே அவர் சால்வையைத் தோளில் போடுவதை விட்டு இடுப்பில் சுற்றிக்கொள்ள ஆரம்பித்தார். "இடுப்புல குளிர் ஏறறது," என்றார். சித்திரை வெயிலிலும் ஏறியது. வயசு என்று எல்லோரும் நினைத்தார்கள். ரமா எதையும் நினைக்கவில்லை. அந்தச் சால்வையைப் பார்க்காமலிருப்பதே அவளுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

ஆனி மாதத்தில் ஒரு நாள் காபி குடித்துக்கொண்டே வெங்கடகிருஷ்ணன் சொன்னார்: "சிராத்தத்துக்கு இந்த வருஷம் சமையல் மாமி வேண்டாம். ரமாவே பண்ணட்டும்."

ஸ்ரீகண்டன் செய்தித்தாளைத் தாழ்த்தினார். அந்த வீட்டில் அது ஒரு சம்பவம்.

"அவளுக்கு ஆபீஸ் இருக்கேப்பா."

"லீவு போடட்டும். சுத்தக் கம்பளி பண்ற கைதானே? என்ன தோஷம்?"

ரமா அடுப்படியில் நின்று இதைக் கேட்டாள். பால் பொங்கி வழிந்தது. அவள் அழுததைப் பாலுக்காக என்று வைத்துக்கொள்ளலாம்.

சிராத்தத்தன்று விடியும் முன் குளித்து, பட்டுப் புடவை கட்டி, அடுப்பு மூட்டினாள். மிளகாய் கூடாது, மிளகு. தக்காளி கூடாது. பிரண்டைத் துவையல், வாழைக்காய், பாகற்காய், எள்ளுருண்டை. இத்தனை வருஷம் வாசலில் நின்றே பார்த்திருந்ததால் எல்லாம் மனப்பாடம். ருசி பார்க்கக் கூடாது என்பதால் உப்பைக் கையளவால் போட்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். அந்தச் சந்தோஷம் எதன் மேல் நிற்கிறது என்பது ஞாபகம் வரும்போதெல்லாம் கரண்டியால் கொஞ்சம் வேகமாகக் கிளறினாள்.

கூடத்தில் ஹோமம். வெங்கடகிருஷ்ணன் பலகையில் உட்கார்ந்திருந்தார், இடுப்பில் சால்வை. எதிரே வாத்தியார், இளைஞர், ஸ்கூட்டரில் வருகிறவர், இன்னும் இரண்டு வீடு பாக்கியிருப்பவர். நெய் விட்டபோது சமித்து ஒன்று வெடித்து, கங்கு தெறித்துச் சால்வையின் ஓரத்தில் விழுந்தது. உண்மையான கம்பளியானால் லேசாகக் கருகித் தானே அணைந்திருக்கும். இது அணையவில்லை. சின்ன நீலச் சுடர் ஒன்று ஓரத்தில் நடந்தது. வாத்தியார் உள்ளங்கையால் தட்டி அணைத்தார். அணைந்த இடம் கறுத்து, பளபளவென்று இறுகியிருந்தது. மயிர் கருகும் நாற்றத்தோடு இன்னொரு வாசனையும் எழுந்தது. இனிப்பாக, பழுத்த பழம் போல. அடுப்படி வாசலில் நின்ற ரமாவுக்கு மட்டும் அது பழக்கமான வாசனை.

வாத்தியார் விரலை முகர்ந்தார். "மாமா, என்ன இது? கம்பளி இப்படி எரியாதே. பிளாஸ்டிக் மாதிரின்னா உருகியிருக்கு."

சாப்பிட வந்து உட்கார்ந்திருந்த இரண்டு பிராமணர்களும் நிமிர்ந்தார்கள். ஸ்ரீகண்டனின் கையில் அன்றைக்குச் செய்தித்தாள் இல்லாததால் அவர் மனைவியைப் பார்த்தார். ரமா ஒரு அடி முன்னால் வந்தாள். தகப்பனாருக்குச் செய்கிற காரியத்தில் மாமனார் உடுத்தியிருப்பது என்ன என்று இப்போது சொல்லியாக வேண்டும். சொன்னால் சமைத்த கைக்கும் சேர்த்துத்தான் தீர்ப்பு.

"அப்பா, அது வந்து..."

"கம்பளிதான்," என்றார் வெங்கடகிருஷ்ணன், அவளைப் பார்க்காமல். "கவர்ன்மெண்ட் லேப்ல பண்ணினது. உமக்கு என்ன தெரியும்? மேலே மந்திரத்தைச் சொல்லும்."

வாத்தியாருக்கு இன்னும் இரண்டு வீடு இருந்தது. மந்திரத்தைச் சொன்னார்.

பிண்டம் வைத்து, காக்கைக்குப் போட்டு, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு வீடு ஓய்ந்தது. சமையல் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ரமா சாப்பிடாமலே எழுந்தாள். மாமனார் படுத்திருப்பார், எழுந்ததும் சொல்லிவிடலாம் என்று பார்த்தால் அறையில் அவர் இல்லை. கொல்லைப்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

குழாயடியில் குந்தி உட்கார்ந்து வெங்கடகிருஷ்ணன் அந்தச் சால்வையை வாளியில் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சோப்புத்தூள்.

"அப்பா, நீங்க எதுக்கு... குடுங்கோ, நான் அலசறேன்."

"தொடாதே."

தீட்டு ஆனதைக் கழுவுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். நின்ற இடத்திலேயே, ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்:

"அது சுத்தக் கம்பளி இல்லப்பா. மூணுல ஒரு பங்கு பிளாஸ்டிக். நீங்க கேட்ட அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும். தைரியம் வரலை."

அவர் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

"தெரியும்."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"நீ கொண்டுவந்த வாரத்துலேர்ந்து. தண்ணியில போட்டேன். சுருங்கலை. அதுக்கு முன்னாடி என்னோட பழசைப் போட்டேன், பலகையாப் போச்சு. அதைப் பூச்சியும் அரிக்கலை, ஒண்ணும் அரிக்கலை."

"கம்பளியைத் துவைக்க வேண்டாம்னு நீங்கதானே..."

கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கும் மதிலுக்கும் நடுவே, வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், தாழ்வாக ஒரு கயிறு கட்டியிருந்தது. அதில் இரண்டு வேட்டிகள் பிழிந்து போட்டிருந்தன. வாளியிலிருந்து சோப்பை மீறி வந்த வாசனையை எந்த வேதியியலும் படிக்காமலே கண்டுபிடிக்கலாம். ஐப்பசியில் நடந்த ஆபரேஷன், இடுப்பில் ஏறிய குளிர், எல்லாம் ஒரே நேரத்தில் அவள் முன்னால் வந்து நின்றன. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று மதிலைப் பார்த்தாள். அவரும் மதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட ஒரு தடவை..."

"பேடா, வேண்டாம்," என்றார். மனசு கலங்கினால் அவருக்குக் கன்னடம்தான் முந்தும். "ஸ்ரீகண்டனுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

"சரிப்பா."

"நீ யார்கிட்டயும் சொல்லாதே."

"எதைப்பா?"

"ரெண்டையும்தான்."

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். ரமா ஒன்றை இறக்கி வைக்கப் போய் இரண்டைச் சுமந்துகொண்டு திரும்பினாள். அதைவிட அவளை அரித்தது வேறு ஒன்று. வந்த வாரமே தெரியும் என்றார். அப்படியானால் "சுத்தக் கம்பளி பண்ற கை" என்று ஆனியில் அவர் சொன்னது தெரிந்தே சொன்னது. அது பரிசா, கைம்மாறா, வாயடைக்கக் கொடுத்த பதவி உயர்வா? விதான சௌதாவில் இந்த மூன்றுக்கும் தனித்தனி நடைமுறைகள் உண்டு, வீட்டில் கிடையாது. எதுவாயிருந்தாலும், அவள் அத்தனை ஆசைப்பட்ட அடுப்பு அவள் கையின் சுத்தத்துக்காகக் கிடைத்ததல்ல. அதே சமயம், வாழ்நாள் முழுக்க விதியைத் தளர்த்தாத ஒரு மனிதர் தன் தகப்பனார் திதியில், வைதீகர்கள் முன்னால், அவளுக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். அவளுக்காகவா, தனக்காகவா என்று அவள் பிரித்துப் பார்க்க முயன்றாள். அசிட்டோனில் போட்டாலும் பிரிகிற மாதிரி இல்லை.

அடுத்த ஆடியிலும் ரமாதான் சமைத்தாள். மாமனாரும் மருமகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே இல்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு மரியாதையா என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். கொல்லையில் சோப்புத்தூள் டப்பா எப்போதும் நிரம்பியிருந்தது. நிரப்பியது யார் என்று அவர் கேட்கவில்லை. மதிலோரக் கயிற்றுக்கு மேலே மழை படாமல் ஒரு தகரமும் வந்தது.

ரமா மறந்துவிடத்தான் பார்த்தாள். ஆனால் படித்த படிப்பு விடவில்லை. தினமும் சோப்புத் தண்ணீரில் கும்மி, முறுக்கிப் பிழிந்து, ஈரத்திலும் வெயிலிலும் மாறி மாறிக் கிடந்தும் அந்தத் துணி ஒரு விரல் சுருங்கவில்லை. ஆய்வுக்கூடத்து இயந்திரம் ஒரு வருஷத்தில் சுற்றாத சுற்றை அந்த வாளி சுற்றியிருந்தது. தான் செய்த வேலை உண்மையிலேயே நல்ல வேலை என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தொங்கியது. கொல்லைக் கதவைக் கடக்கும்போது அவளுக்குப் பெருமை வரும். வந்த உடனே, இதற்கா பெருமைப்படுகிறோம் என்று முகம் சுடும்.

1998இல் மதிப்பீட்டுக் குழு வந்தது. திட்டத்தைத் தொடர்வதா, மூடுவதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். தலைமை தாங்கிய பேராசிரியர் நியாயமானவர். வரைபடங்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதெல்லாம் சரிம்மா. மனுஷங்க யாராவது இதைக் கட்டி, வீட்டுல துவைச்சுப் பாத்திருக்காங்களா? ஒரு வருஷம், ஆறு மாசம்? அப்படி ஒருத்தர் இருந்தாலும் போதும், நான் எழுதறேன்."

கோவிந்தன் முகம் மலர்ந்தது. "ரமா, உங்க வீட்டுக்கு ஒரு சால்வை போச்சே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் அடுத்த கேள்வி யார் என்பது. அதற்கடுத்தது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை துவைப்பார்கள் என்பது. தினமும் என்றால், ஏன்?

"அது பீரோலதான் இருக்கு சார்," என்றாள். "யாரும் கட்டிக்கலை."

"துவைக்கவே இல்லையா?"

"எங்காத்துல கம்பளியைத் துவைக்கற வழக்கம் இல்லை சார்."

குழுவில் ஒருவர் சிரித்துவிட்டார். கம்பளியைத் துவைக்க வைக்கிற விஞ்ஞானியின் வீட்டிலேயே இந்த நிலைமை என்றால், சித்ரதுர்காவில் யார் துவைக்கப் போகிறார்கள் என்றார். கோவிந்தன் சிரிக்கவில்லை. பேராசிரியர் பேனாவை மூடினார். பயன்பாட்டுச் சான்று இல்லாத காரணத்தால் திட்டம் அந்த நிதியாண்டோடு நின்றது. ரமாவை வேறொரு துறையின் தண்ணீர்ச் சோதனைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே யாரும் எதையும் எதோடும் ஒட்டுவதில்லை. இருந்த இடத்தை ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

அவள் வீட்டில் சொன்னது இவ்வளவுதான்: "மூடிட்டா." ஸ்ரீகண்டன், "போனாப் போறது, டிரான்ஸ்பர் கிட்டக்கதானே," என்றார். வெங்கடகிருஷ்ணன் ஏன் மூடினார்கள் என்று கேட்க வாயெடுத்தார். ஓய்வுபெற்ற துணைச் செயலருக்குத் திட்டங்கள் எதனால் மூடப்படும் என்று தெரியும். அவள் முகத்தைப் பார்த்தார், வெகு நாளைக்குப் பிறகு. கேட்காமலே எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றைக்கு அவர் சாப்பிட வரவில்லை.

ஆய்வுக்கூடத்தைக் காலி செய்த வாரம், ரமாவும் பிரிஜெட்டும் அலமாரிகளை ஒழித்தார்கள். கண்ணாடிச் சாமான்கள் ஒரு பக்கம், காயலான் கடைக்கு ஒரு பக்கம். அடித்தட்டில் மூட்டையாகக் கட்டி, நெய்து மிச்சமான துணி கிடந்தது. இன்னும் மூன்று நான்கு சால்வைக்கு வரும். மாமனார் கட்டுவது இப்போது நடுவில் இற்றுப்போயிருந்ததை ரமா கொல்லைக் கயிற்றில் பார்த்திருந்தாள். அவர் கேட்க மாட்டார். கேட்காமல் கொண்டுபோய் வைத்தாக வேண்டும்.

"இத்தத் தூக்கிக் குப்பைல போட்டுடட்டா மேடம்?"

"வேண்டாம். நான் எடுத்துண்டு போறேன்."

"இவ்ளோவுமா? சும்னே பாரம். யாருக்கு மேடம் இது?"

ரமாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எங்காத்துல ஒரு நாய் இருக்கு. அதுக்குக் கீழ போட."

பிரிஜெட் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள். "அய்யர் வூட்ல நாயா! எப்போலேர்ந்து மேடம்? சொல்லவே இல்ல பாருங்க."

"வயசான நாய்."

"அதான் பாத்தேன். எல்லா எடத்துலயும் ஈரம் பண்ணி வெக்கும். எங்க வூட்டுலயும் ஒண்ணு இருந்திச்சு, கெயவன் மாதிரி." பிரிஜெட் அந்த நாய் நடக்கிற நடையை நடந்து காட்டினாள். நன்றாகத்தான் காட்டினாள். ரமா சிரித்தாள். பொய்க்காகச் சிரித்ததல்ல, நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

பஸ்ஸில் பாதிக்கு மேல் இடம் காலியாக இருந்தது. மூட்டையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கு எதிரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் இரண்டு முறை, "கூத்கொள்ளி அம்மா, ஜாகா இதெ," என்று உட்காரச் சொல்லிப் பார்த்தார். மல்லேஸ்வரம் வரும்வரை அவள் உட்காரவில்லை.